பிறை பதினைந்தில் கடல் ஏறியது

உன் தூண்டில் பெட்டியைத் திறந்ததும் சோம்பு வாசம் அடித்தது. எதிர்பார்த்ததுதான். இரைக்குப் பதிலாக மாட்டுகிற அந்த ரப்பர் மீன்களை எங்கே செய்தாலும் சோம்பு எண்ணெய் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள், கொடுவா மீனுக்கு அந்த வாசம் பிடிக்கும் என்று நீதான் சொன்னாய். கொடுவாவுக்குப் பிடித்ததோ இல்லையோ, அது என் சட்டைப் பையில் ஏறிக்கொண்டது. மாதா கோயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் யார் வீட்டுப் பிரியாணி என்று கேட்கும் அளவுக்கு இருபது வருடம் என்னோடு பூசைக்கு வந்தது.

பெட்டியை உன் மருமகன் திங்கட்கிழமை கொண்டுவந்து வைத்தார். மாமி கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள், இது உங்களிடம்தான் இருக்க வேண்டுமாம் என்று சொன்னார். காபி வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். உள்ளே எல்லாம் நீ வைத்தபடியே இருந்தது. ரீலுக்கு உன் பழைய பனியனைச் சுற்றியிருந்தாய். தங்கூசி நூல் உருண்டைகள், குறடு, முள் துருவேறிய இரண்டு மர மீன்கள். எல்லாவற்றுக்கும் அடியில், பால் பாக்கெட் கவரில் மடித்து, நம்முடைய நோட்டு. அது தொலைந்துபோய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. கடைசி வருடங்களில் உன் நெஞ்சு உன்னிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்தது, நீ கேட்டுக்கொள்ளவில்லை. ஐப்பசி மழையில் உன்னை அடக்கம் செய்தோம். எல்லோரையும் போல நானும் மூன்று பிடி மண் போட்டேன். மழையில் மண் கையில் ஒட்டிக்கொண்டது, வீட்டுக்கு வந்துதான் கழுவினேன். அழவில்லை. நகராட்சியில் முப்பது வருடம் பிறப்பையும் திருமணத்தையும் இறப்பையும் எழுதிய கை இது. பழைய ஆட்கள் அந்தப் பிரிவை இன்னும் பிரெஞ்சில் எத்தா சிவில் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே உட்கார்ந்து எழுதுகிறவன் ஒவ்வொரு பெயருக்கும் அழுதால் பதிவேடு நனைந்துவிடும். நான் ஓய்வு பெற்ற பிறகு நீ போனதால் உன் பெயரை வேறொருவர் எழுதினார். அந்த மட்டில் நல்லது.

உன்னை முதலில் பார்த்ததும் அந்த அலுவலக ஜன்னல் வழியாகத்தான். வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு, இனிப் போவதில்லை என்று திரும்பியிருந்தாய். மகளின் பிறப்புச் சான்றிதழுக்கு வந்தவன், சான்றிதழைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் தொங்கிய தேதிக் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். தினமும் அதில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று பென்சிலால் குறித்து வைப்பது என் வழக்கம். எழுதிப் பழகியவனுக்கு எதையாவது எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

"காத்தையெல்லாம் எழுதுறீங்களே, எதுக்கு ரைட்டரே?" என்று கேட்டாய். சும்மாதான் என்றேன். "அப்ப ஞாயித்துக்கிழமை வாங்க. அதுக்கு ஒரு வேலை இருக்கு" என்றாய். அன்றிலிருந்து நான் ரைட்டர், நீ பாய். இரண்டாவது மாதமே மரியாதை உதிர்ந்து நீ, நான் ஆகிவிட்டது. இரண்டு பேருக்கும் அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது. அந்த வயதுக்கு மேல் புதிதாக ஒரு நண்பன் கிடைப்பான் என்று நான் கணக்கில் வைத்திருக்கவில்லை.

பூவத்துக்குக் கிழக்கே, ஆறு கடலைத் தொடுகிற இடத்துக்கு அழைத்துப் போனாய். மழைக்காலத்தில்தான் அது ஆறு. பங்குனி வாக்கில் கடல் மணலைக் கொண்டுவந்து போட்டு ஆற்றின் வாயை அடைத்துவிடும். உள்ளே தண்ணீர் நின்று, கோரைக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவில் ஒரு பெரிய ஏரியாகிவிடும். தென்கரை காரைக்கால், வடகரை தமிழ்நாடு. நடுவில் நிற்கிற கொக்கு எந்த மாநிலம் என்று நீ கேட்பாய். அது பிறப்பு எங்கே பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று நான் சொல்வேன். வாய் அடைபட்டதும் கடலுக்குத் திரும்ப வழியில்லாமல் கொடுவா மீன்கள் உள்ளே மாட்டிக்கொள்ளும். கோடை முழுக்க அவற்றைத்தான் நாம் தேடினோம்.

ரப்பர் மீனை எறிவது ஒரு வாரத்தில் வந்துவிட்டது. எங்கே எறிவது என்பதற்குத்தான் இருபது வருடமும் போதவில்லை. காலையில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தால் மேல்தண்ணீர் கிழக்கே போகும், குட்டி மடவை மீன்கள் மணல்மேட்டை ஒட்டி ஒதுங்கும், கொடுவா அவற்றின் பின்னால் வரும். பதினொரு மணிக்குக் கடல்காற்று எழுந்தால் எல்லாம் தலைகீழ். பையைத் தூக்கிக்கொண்டு கோரைப் பக்கம் ஓட வேண்டும். முந்தின நாள் மீன் எடுத்த இடம் மறுநாள் வெறும் தண்ணீர். நீ முட்டியளவு தண்ணீரில் அசையாமல் நிற்பாய். மேலே சுட்டு, கணுக்காலில் குளிர்ந்தால் மீன் இருக்கிறது. இரண்டும் ஒரே சூடாகிவிட்டால் சோற்றைப் பிரித்துவிடுவாய். மடவை துள்ளும் சத்தத்தை நான் கேட்பேன். துள்ளிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றால் நீ தூண்டில் கம்பைத் தூக்குவாய்.

நீ பார்த்தாய், நான் எழுதினேன். நோட்டு அப்படித்தான் தொடங்கியது. காற்று, தண்ணீரின் நிறம், கரையில் நட்டிருந்த பனங்கட்டையில் தண்ணீர் எந்த வெட்டுவரை நிற்கிறது, எந்தப் பக்கம் மீன் எடுத்தது. நான் வராத நாட்களில் நீயே எழுதுவாய். உன் பக்கங்களில் தேதி இருக்காது, பிறை மட்டும் இருக்கும். "தேதி கவர்மெண்டுக்குய்யா. தண்ணிக்குப் பிறைதான்" என்பாய். ஒருமுறை நீ ஒரு வரியைக் கோடு கோடாக அடித்து வைத்திருந்ததைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. பதிவேட்டில் அடித்தல் கூடாது, தப்பைத் தப்பாகவே விட்டுவிட்டு ஓரத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று பெரிய அதிகாரி மாதிரி பேசினேன். மீனுக்கும் கையெழுத்தா என்று சிரித்தாய். ஆனால் அதன் பிறகு நீ எதையும் அடிக்கவில்லை.

பத்தாம் வகுப்போடு நிறுத்தியவன் நீ. எழுத்தின் மேல் உனக்கு ஒரு பயம் கலந்த மரியாதை இருந்தது. தண்ணீர் ஒன்று சொல்லி நோட்டு வேறு சொன்னால் நான் நோட்டின் பக்கம் பேசுவேன். நீ தலையைச் சொறிந்துவிட்டு, "எழுதியிருக்குன்னா சரிதான்" என்று விட்டுக்கொடுப்பாய். பெரும்பாலும் நோட்டு சரியாகத்தான் இருந்தது. அதுதான் சிக்கல்.

அந்த ஏரியில் நம்மைப் போல ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துபோகாத ஆட்களும் இருந்தார்கள். கடலில் விசைப்படகுகளுக்குத் தடை போடும் இரண்டு மாதமும் பக்கத்து மீனவர் தெருவில் பத்துப் பதினைந்து குடும்பம் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருந்தது. ஆண்கள் சின்ன வலை விடுவார்கள். பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, ஓலைக் கூடையை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். அவர்களில் செல்வராணியை உனக்கு நன்றாகத் தெரியும். கருக்களாச்சேரியில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். வாயில் கூடை இருந்ததால் நம்மைப் பார்த்தால் பேச மாட்டாள், புருவத்தைத் தூக்குவாள். மீன் இருக்கிறதா என்று அர்த்தம். நீயும் புருவத்தாலேயே பதில் சொல்வாய்.

ஆறு வருடத்துக்கு முந்திய அந்த வைகாசியை நாம் இரண்டு பேரும் பிறகு ஒருநாளும் பேசவில்லை. இப்போது நான் பேசுகிறேன், நீ குறுக்கே பேச முடியாது.

அந்தக் கோடையில் ஒரு பெரிய கொடுவா உள்ளே இருந்தது. இரண்டு முறை என் தங்கூசியை அறுத்துக்கொண்டு போனது. இரண்டாவது முறை அது திரும்பியபோது அதன் விலாவைப் பார்த்தேன். என் கையளவு அகலம் இல்லை, என் நெஞ்சளவு அகலம். அதன் பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் அதே நினைப்புதான். குழந்தையின் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிட்டு ஓரத்தில் திருத்தம் போட்டேன். உன்னிடம் சொன்னால் கேலி செய்வாய் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் போனோம். வியாழன் முதல் காற்று விழுந்துவிட்டது. வெயில் இல்லை, வானம் மூட்டம், புழுக்கம். தண்ணீர் பச்சையாகக் கெட்டிப்பட்டிருந்தது, எண்ணெய் விட்ட மாதிரி அசையாமல் கிடந்தது. கரையோரம் முழுக்க மடவைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே இரண்டு கொடுவாவின் முதுகு தெரிந்தது. எனக்குக் கை பரபரத்தது. அத்தனை மீனையும் ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. எறிந்தேன். ரப்பர் மீன் ஒரு கொடுவாவின் முகத்தில் இடித்துக்கொண்டு போயும் அது திரும்பிப் பார்க்கவில்லை. நீ கம்பைப் பிரிக்கவே இல்லை. தண்ணீரில் இறங்கி, கையால் அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு மேலே வந்தாய்.

"இது சாப்புட வரல ரைட்டரே. மூச்சுக்கு வருது. இன்னைக்கே தெருவுல சொல்லி வாயை வெட்டச் சொல்லணும்."

வாயை வெட்டுவது என்றால் மணல்மேட்டை மம்பட்டியால் கிழித்துக் கடலையும் ஏரியையும் சேர்த்துவிடுவது. முறைப்படி இரண்டு கரைக்கும் இரண்டு அரசாங்கத்திடம் கேட்க வேண்டும். ஒரு பக்கம் கேட்டால் மறுபக்கத்தைக் கேள் என்பார்கள். அதனால் அவசரம் என்றால் தெருக்காரர்களே கேட்காமல் வெட்டிவிடுவார்கள். சொன்னால் அன்று சாயங்காலமே வெட்டியிருப்பார்கள். பழைய தண்ணீர் கடலுக்குப் போகும், கூடவே பாதி மீனும் போகும், மீதியை வெட்டின இடத்தில் வலை கட்டிப் பிடித்துவிடுவார்கள். அந்தப் பெரிய மீனும் அதில் போகும்.

நான் நோட்டைப் பிரித்தேன். மூன்று வருடத்துக்கு முந்திய உன் பக்கம் ஒன்று இருந்தது: பிறை 15. கடல் ஏறிச்சு. தண்ணி புதுசாச்சு. எனக்கு அது போதுமானதாக இருந்தது. அமாவாசையிலிருந்து பதினைந்தாம் நாள் பௌர்ணமி. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. ஆக, நாளை சாயங்காலம் ஓதம் பெருகிக் கடல் தானே மேட்டைத் தாண்டி உள்ளே வரும், வெட்ட வேண்டிய வேலையே இல்லை, ஒரு நாள் பொறுத்தால் போதும் என்று சொன்னேன். நீ தண்ணீரைப் பார்த்தாய். பிறகு நோட்டைப் பார்த்தாய்.

"நல்லாப் பாத்துட்டியா?" என்றாய்.

பார்த்துவிட்டேன் என்றேன். நீ தலையைச் சொறிந்தாய். நாம் வீட்டுக்குப் போனோம். வழியில் செல்வராணி தலையில் கூடையோடு எதிரே வந்து புருவத்தைத் தூக்கினாள். நீ பதில் சொல்லும் முன்பு, நாளைக்குப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன்.

நான் பொய் சொல்லவில்லை. நோட்டில் இருந்ததை நம்பினேன். ஆனால் நம்புவதற்கு எனக்கு அவசரம் இருந்தது. அந்த மீன் எனக்கு வேண்டியிருந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று ஆறு வருடமாகப் பிரிக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் நேராக அங்கே போனேன். எனக்கு முன்பே நீ நின்றுகொண்டிருந்தாய். கரை முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. மடவை, கெளுத்தி, இறால், விரல் நீளக் குஞ்சுகள், எல்லாம். விடியற்காலையில் தண்ணீர் மூச்சை நிறுத்தியிருக்கிறது. கோரை ஓரத்தில் அந்தக் கொடுவா வயிறு மேலாக மிதந்தது. நான் நினைத்ததைவிடச் சின்னதாகத்தான் இருந்தது. காக்கைகள் அதன் கண்ணில் தொடங்கியிருந்தன.

தெருவே அங்கே நின்றது. செல்வராணி காலிக் கூடையோடு நம்மிடம் வந்தாள். நேற்று இந்தப் பக்கம்தானே வந்தீர்கள், உங்களுக்குத் தெரியாத தண்ணீரா, ஒன்றும் தெரியவில்லையா என்று கேட்டாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சிதும்மா. சொல்லாம விட்டது என் தப்பு" என்றாய் நீ.

நான் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. உன் ஒரு வாக்கியத்துக்கும் என் மௌனத்துக்கும் சேர்த்து அரை நிமிடம் ஆகியிருக்கும். நேற்றே வெட்டியிருந்தால் எல்லா மீனும் பிழைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் செத்ததைவிடப் பிடித்தது அதிகமாக இருந்திருக்கும். தடைக்காலம் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் செல்வராணியும் மற்றப் பெண்களும் விடியலில் வேனில் ஏறி விழிதியூர்ப் பக்கம் பருத்தி எடுக்கப் போனார்கள். தண்ணீரில் ஊறிய விரலைப் பருத்திக் காயின் முனை குத்திக் கிழித்துவிடும். ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் அவள் விரல்களில் துணி சுற்றியிருந்ததைப் பார்த்தேன். புருவத்தைத் தூக்கவில்லை.

ஞாயிறு சாயங்காலம் கடல் ஏறவில்லை. திங்களும் ஏறவில்லை. செவ்வாய்க்கிழமை மேட்டைத் தாண்டி நுரையோடு உள்ளே வந்து, செத்த மீன்களைக் கோரைக்குள் ஒதுக்கிவிட்டுப் போனது. அதற்கு அடுத்த வாரம் நாம் சந்தித்தபோது, எதையாவது சொல்ல வேண்டுமே என்று நான் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இந்த வருஷம் கடலே நம்மை ஏமாற்றிவிட்டது பாய் என்றேன். நீ ரீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாய்.

"ஆமாய்யா. கடலு அப்படித்தான்" என்றாய்.

அதன் பிறகும் ஐந்து கோடை நாம் அங்கே போனோம். நீ பழையபடி தண்ணீரில் நின்றாய். அந்த மழைக்காலத்தோடு நோட்டைத் தொலைத்துவிட்டேன் என்று நீ சொன்னதால், நான் புது நோட்டில் பழையபடி எழுதினேன். தெருவில் உன்னோடு பேச்சு குறைந்தது. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இறால் வாங்கப் போனால் உனக்கு மட்டும் இல்லை என்றார்கள். எனக்குக் கொடுத்தார்கள். அதை வாங்கி உன் வீட்டுக்கும் பாதி கொடுத்தேன். அதைக்கூட நான் பெரிய காரியமாக நினைத்துக்கொண்டேன்.

இந்தத் திங்கட்கிழமை நோட்டைப் பிரித்தேன் அல்லவா. உன் பக்கங்கள் மாறியிருந்தன. நீ பிறை எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், ஓரத்தில், சிவப்பு மையில் இங்கிலீஷ் தேதி எழுதியிருந்தாய். பதினான்கு வருடத்து வரிகளுக்கும் எழுதியிருந்தாய். பழைய காலண்டர்களை எங்கே தேடிப் பிடித்தாய் என்று தெரியவில்லை. அந்தப் பிறை பதினைந்து வரியின் ஓரத்தில் தேதியோடு இன்னொன்றும் இருந்தது: பௌர்ணமி போய் ரெண்டாம் நாள். கீழே நான் சொல்லிக்கொடுத்தபடி உன் கையெழுத்து.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. உங்கள் வீடுகளில் பிறையைக் கண்ணால் கண்ட பிறகுதான் ஒன்று என்று எண்ணத் தொடங்குவீர்கள். அமாவாசை போய் இரண்டு நாள் கழித்துத்தான் அது கண்ணில் படும். நான் அமாவாசை போன மறுநாளே ஒன்று என்று எண்ணினேன். உன் பதினைந்து என் பதினைந்து இல்லை. கடல் யாரையும் ஏமாற்றவில்லை. நோட்டில் எழுதியிருந்தபடியே, சரியான நாளில்தான் வந்தது. ஊரெல்லாம் ரமலானுக்குப் பிறை பார்க்க மாடி ஏறுவதை ஐம்பது வருடம் கண்ணால் பார்த்தவன் நான். நீ கொடுத்த நோன்புக் கஞ்சியை உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து குடித்தவன். எனக்கு இது தெரியாதென்று யாரிடமும் சொல்ல முடியாது.

அந்தச் சிவப்பு மை எனக்குத் தெரியும். மீன் செத்த அந்த வருடத்து மழைக்காலக் குறிப்புகளும் அதே மையில்தான் இருக்கின்றன. அதாவது சில மாதங்களிலேயே நீ கண்டுபிடித்துவிட்டாய். இறால் கொடுக்க மாட்டேன் என்றவர்களிடம் ரைட்டர்தான் கணக்கைத் தப்பாகப் பார்த்தார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல், இனி யாரும் தப்பாகப் படிக்காதபடி நோட்டைத் திருத்தி வைத்துவிட்டு, ஐந்து வருடம் என் பக்கத்தில் நின்று மீன் பிடித்திருக்கிறாய். நோட்டைத் தொலைத்துவிட்டேன் என்று சொன்னதும் பொய்தான். நீ இருக்கும்வரை நான் அந்த ஓரத்தைப் படிக்கக் கூடாது என்று ஒளித்து வைத்திருக்கிறாய். எனக்கு உன் மேல் கோபம் வந்தது பாய். திங்கட்கிழமை முழுக்கக் கோபம்தான். செவ்வாய்க்கிழமைதான் அழுதேன்.

வியாழக்கிழமை உன் கம்பை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். மீன் பிடிக்க வேண்டும் என்று இல்லை, ரீல் ஓடுகிறதா என்று பார்க்கத்தான். சவுக்குத் தோப்பைத் தாண்டும்போதே இலை ஒன்றும் அசையவில்லை. வானம் மூட்டம். தண்ணீர் பச்சை. நீ செய்வது போல இறங்கி நின்றேன். முட்டியிலும் கணுக்காலிலும் ஒரே சூடு. கையால் அள்ளி முகர்ந்தேன். சேறு இல்லை, வேறு ஒரு நாற்றம். வடகரையில் நாலைந்து மடவைகள் மேலே வந்து வாயைத் திறந்தன. மறுநாள் பௌர்ணமி. கடல் ஏற இன்னும் மூன்று நாள். இந்த முறை நான் நோட்டைப் பிரிக்கவில்லை.

கம்பை அங்கேயே கரையில் போட்டுவிட்டுத் தெருவுக்கு நடந்தேன். செல்வராணி வலை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. தண்ணீர் கெட்டுவிட்டது, இன்றைக்கே வெட்ட வேண்டும் என்றேன். அவள் கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு உள்ளே குரல் கொடுத்தாள். ஆட்கள் மம்பட்டி தேடுகிற சத்தம் கேட்டது. நான் சொல்ல வேண்டியது இன்னும் பாதி இருந்தது. அன்றைக்குச் சொல்ல வேண்டாம் என்று தடுத்தது நான், பாய் இல்லை, அவர் அப்போதே சொல்ல வேண்டும் என்றுதான் சொன்னார் என்று சொல்லி முடித்தேன். ஆறு வருடம் சுமந்தது இரண்டு வரிக்குள் அடங்கிவிட்டது.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும் சார். அன்னைக்கு அவரு என் முகத்தப் பாத்துப் பேசுனாரு. நீங்க செருப்பப் பாத்துகிட்டு நின்னீங்க."

அவளும் பார்க்கத் தெரிந்தவள்தான், தண்ணீரை மட்டும் இல்லை. தெரிந்திருந்தும் அவருக்கு ஏன் இறால் கொடுக்கவில்லை என்று கேட்டேன். தப்பைத் தன் மேல் எடுத்துக்கொண்டவருக்கு அதற்கு உண்டானதைத்தானே கொடுக்க முடியும் என்றாள். அதில் நியாயம் இருக்கிறதா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பிறகு அவள் ஒரு மம்பட்டியை என் கையில் கொடுத்தாள். என் வயதைச் சொல்லி யாரோ வேண்டாம் என்றார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எட்டுப் பேர் வெட்டினோம். நான் வெட்டியது அதிகம் இல்லை, இரண்டு முழம் இருக்கும். நாலு மணிக்குப் பச்சைத் தண்ணீர் விரலளவு கசிந்தது. பிறகு கையளவு, பிறகு மணல் இரண்டு பக்கமும் பொலபொலவென்று சரிந்து, ஆள் நிற்க முடியாத ஓட்டமாகிவிட்டது. வலை கட்டியவர்கள் இடுப்பளவில் நின்றார்கள். கொடுவாக்கள் உயிரோடு வந்தன. சில வலையில் விழுந்தன, சில அதன் மேலே எகிறிக் கடலுக்குள் போயின. எகிறியவற்றில் ஒன்று நல்ல பெரியது. நான் எழுந்து நின்று அது போவதைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து, குளித்து, நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். முதலில் ஆறு வருடத்துக்கு முந்திய அந்தச் சனிக்கிழமையைத் தேடினேன். காற்று இல்லை, மூட்டம், தண்ணீர் பச்சை, மீன் மேலே என்று என் கையெழுத்தில் இருந்தது. எதையும் அடிக்கவில்லை. ஓரத்தில், நண்பர் அன்றே சொல்லச் சொன்னார், தடுத்தது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முப்பது வருடத்தில் எத்தனையோ பேருடைய பதிவில் திருத்தம் எழுதியிருக்கிறேன். என்னுடையதில் இதுதான் முதல்.

பிறகு இன்றைய வரி. தேதி எழுதினேன். காற்று எழுதினேன். பிறை எழுதும் உன் இடம் காலியாக நின்றது. எண்ணிப் பார்த்தேன், எனக்கு வரவில்லை. இன்னொரு முறை தப்பாக எழுத எனக்குத் தைரியம் இல்லை. உன் வீட்டுக்குப் போன் செய்தேன். நீ போன பிறகு நானாகச் செய்த முதல் போன் அதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். உன் மனைவிதான் எடுத்தாள். பெட்டி வந்தது தங்கச்சி என்றேன். பிறகு வேறெப்படிக் கேட்பது என்று தெரியாமல், இன்றைக்குப் பிறை எத்தனை என்று கேட்டேன்.



"பன்னண்டுண்ணே" என்றாள். "அவங்களுக்கு எங்க எண்ணத் தெரியும். ஏரிலேருந்து வந்ததும் என்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுவாங்க."

பன்னிரண்டு என்று எழுதினேன். பக்கத்தில் சிவப்பு மையில் தேதியும். மறுநாள் ஏரிக்குப் போகவில்லை, எழுத ஒன்றும் இல்லை. ஆனாலும் சாயங்காலம் போன் செய்து கேட்டேன். நேற்றும் கேட்டேன். இன்று நான் கூப்பிடக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அவளே கூப்பிட்டு, பதினைந்து ஆகிவிட்டது அண்ணே, கடல் ஏறியிருக்குமே, போய்ப் பார்க்கவில்லையா என்று கேட்டாள்.